மாடி கறுக்கிறது, எண் வரவில்லை: அனல்மின் நிலையத்தைச் சுற்றித் தூசி அளப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

அத்திப்பட்டு, செப்பாக்கம், வல்லூர், காட்டுக்குப்பம், எண்ணூர் என்று வட சென்னை அனல்மின் நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தூசி இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் கழுவிவிட்ட மொட்டை மாடியில் மாலை வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுக்கிறது, துணியை உதறாமல் மடிக்க முடியவில்லை, கருவாடு காயப்போட்டால் அதன் மேலும் படிகிறது. இதையே எண்ணாக எழுதி ஒரு மனுவோடு கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல். சென்சார் ஒன்று சொல்கிறது, மாடி ஒன்று சொல்கிறது, அரசு நிலையத்தின் திரை மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் "உங்கள் அளவீடு தப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அப்படி முடிக்க விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இடத்தின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட், கிழக்கே கரி இறக்கும் காமராஜர் துறைமுகம், அங்கிருந்து கரி வரும் கன்வேயர், திறந்த கரிக் குவியல்கள், செப்பாக்கத்தை ஒட்டிச் சாம்பல் குளம், இதற்கு நடுவே லாரிகள் ஓடும் சாலை. ஆக, தூசி கிளம்பும் வாய் ஒன்றல்ல, பல.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். விழுகிற தூசி வேறு, மூச்சில் போகிற தூசி வேறு. இரண்டுக்கும் கருவி வேறு, அலகு வேறு, கிளம்பும் இடமும் பெரும்பாலும் வேறு. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

மாடி கறுப்பாகிறது, சென்சாரோ "நன்று" என்று பச்சை காட்டுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பிளான்டவர் பி.எம்.எஸ்.5003, நோவா எஸ்.டி.எஸ்.011 மாதிரியான சின்ன சென்சார்கள், துகள்களில் பட்டு லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுபவை. உள்ளே இருக்கும் குட்டி விசிறியின் இழுப்புக்கு 20, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்கள் வளைந்து வராது. திரையில் பி.எம்.10, அதாவது 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள், என்று வருகிற எண்கூட பெரும்பாலும் சின்னத் துகள்களை வைத்து ஊகித்துப் போட்டதுதான். போதாததற்குக் கரித்தூள் ஒளியை விழுங்கிக்கொள்ளும், குறைவாகவே சிதறடிக்கும், அதனால் உள்ளே போன கரியையும் அது குறைத்தே காட்டும். சென்சார் கெட்டுப்போகவில்லை, அதற்குத் தெரியாததை அதனிடம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

மாடியில் விழுவது ஏன் இவ்வளவு பெரிய துகளாக இருக்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 10 மைக்ரான் சாம்பல் துகள் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் கீழே இறங்கும். 500 மெகாவாட் அலகுகளுக்கான சிம்னி 275 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து கிளம்பும் துகள், காற்றில் சுழலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தரையைத் தொட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், நொடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் அதற்குள் நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். 50 மைக்ரான் கரித்துகளோ நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்குகிறது. 10 மீட்டர் உயரக் கரிக் குவியலின் உச்சியிலிருந்து அதே காற்றில் கிளம்பினால் நூறு நொடியில், அரைக் கிலோமீட்டருக்குள் உங்கள் மாடிக்கு வந்துவிடும். ஆகவே பக்கத்து ஊர்களில் கண்ணுக்குத் தெரிந்து படியும் தூசிக்குக் கரிக் குவியல், கன்வேயர் மாறும் இடங்கள், மூடாத லாரி, காய்ந்துபோன சாம்பல் குளம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிம்னியிலிருந்து போகும் நுண்துகளும் கந்தக டை ஆக்சைடும் வேறொரு கதை. அந்தக் கந்தகம் காற்றில் மாறி சல்பேட் நுண்துகளாவது போகும் வழியில்தான், அதன் பங்கு தொலைவில் இருப்பவர் மூச்சிலும் சேரும்.

தீர்வு: தூசி ஜாடி வையுங்கள். 15 சென்டிமீட்டர் வாயுள்ள புனல், அதன் கீழே 10 லிட்டர் கேன் (ஏன் இவ்வளவு பெரிது என்று மழைப் பகுதியில் சொல்கிறேன்), தரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயரத்தில், மரக்கிளையும் கூரை விளிம்பும் மேலே இல்லாத இடத்தில், 30 நாள். முடிந்ததும் புனலைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவிக் கேனுக்குள் இறக்கி, வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5182, முதல் பகுதி இந்த அளவீட்டுக்கானதுதான். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி1739-உம் இதே அளவீட்டுக்கானது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, பெயரைக் குறித்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

கணக்கு இப்படி: 15 செ.மீ. புனலின் பரப்பு 0.0177 சதுர மீட்டர். 30 நாளில் 160 மில்லிகிராம் சேர்ந்தால், 160-ஐ 0.0177-ஆல் வகுத்து, மறுபடி 30-ஆல் வகுக்க, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 மில்லிகிராம். இது அதிகமா குறைவா என்று கேட்டால், நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு காற்றுத் தர அளவுகோலில் உள்ள 12 மாசுகளில் படியும் தூசி இல்லை. அதனால் ஒப்பிட வெளியேதான் போக வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஆண்டுச் சராசரி 350 மில்லிகிராம், தென்னாப்பிரிக்காவில் குடியிருப்புப் பகுதிக்கு 600, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மாதத்துக்கு 4 கிராம், அதாவது நாளைக்கு 133 மில்லிகிராம்தான். மனுவில் எந்த நாட்டு அளவைச் சொல்கிறீர்களோ அதன் காலக் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு மாத எண்ணை ஆண்டு வரம்போடு மோதவிட்டால் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

விடியற்காலையில் 250 காட்டுகிறது, ஒன்பது மணிக்கெல்லாம் 50-க்கு இறங்கிவிடுகிறது

இதற்குக் காரணம் இரண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் வரக்கூடியவை. ஒன்று ஈரப்பதம். கடலோரக் காற்றில் உப்புத் துகள் நிறைய, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும், லேசர் அந்த நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணும். எண்ணூர்க் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அதற்கு மேலே போவது சாதாரணம். இன்னொன்று, இரவில் தரை குளிர்ந்து காற்று மேலே கலக்காமல் தேங்குவது. அது பொய்யல்ல, அந்த நேரத்தில் நீங்கள் நிஜமாகவே அழுக்குக் காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள்.

பிரித்துப் பார்க்க வழி: சென்சாரோடு ஈரப்பதத்தையும் பதிவு செய்யுங்கள். மணலியில் உள்ள அரசு நிலையங்களின் மணிநேர எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மாதிரி நிலையங்களில் காற்று உள்ளே போகும் குழாயில் சூடேற்றி ஈரத்தைக் குறைத்த பிறகே அளப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு எண்ணும் அருகருகே இருந்து, விடியலில் உங்களுடையது மட்டும் மூன்று மடங்கு எகிறினால் ஈரம். இரண்டும் சேர்ந்து ஏறினால் தேக்கம். ஈரத்துக்குத் திருத்தம் போட அமெரிக்காவில் உருவான சமன்பாடு ஒன்று இணையத்தில் கிடைக்கிறது, பர்ப்பிள்ஏர் என்ற சின்ன சென்சார் கருவிகளுக்கானது. அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அது அந்த ஊர்த் துகளுக்கும் அந்த ஊர் ஈரத்துக்கும் செய்தது. உங்கள் சென்சாரை ஒரு அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே சில வாரங்கள் வைத்து, கோடையில் ஒருமுறை, வாடைக் காலத்தில் ஒருமுறை, சொந்தமாகத் திருத்தம் கண்டுபிடிப்பதுதான் நிற்கும். அதற்கு வழியில்லை என்றால், ஈரம் 75-க்கு மேல் போன மணிகளைத் தனி நிறத்தில் குறித்து அப்படியே கொடுங்கள், அழித்துவிடாதீர்கள்.

பக்கத்து பக்கத்தில் வைத்த இரண்டு சென்சார், இரண்டு எண்

பத்து சதவீத வித்தியாசம் சகஜம், கவலை வேண்டாம். இரண்டு மடங்கு என்றால் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சிலந்தி வலை, எறும்பு, குளவி மண் இவற்றில் ஒன்று காற்று வாயை அடைத்திருக்கும். வாய்க்கு மெல்லிய வலை போடுங்கள், ஆனால் நெருக்கமான துணி வேண்டாம், அதுவே வடிகட்டியாகிவிடும். அப்புறம் விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள், உப்புக் காற்றில் அதுதான் முதலில் போகும். எஸ்.டி.எஸ்.011-இன் லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 8,000 மணி நேரம். நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், அதனால் நிமிடக் கணக்கில் விட்டு விட்டு ஓடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எது சரியான சென்சார் என்று சந்தேகம் என்றால் மூன்றாவதாக ஒன்றை வையுங்கள், இரண்டு ஒத்துப்போகும்.

ஒரே ஊர், ஒரே நேரம், இரண்டு ஆப்பில் இரண்டு நிறம்

இது கருவிப் பிழையே இல்லை. பி.எம்.2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 100, "திருப்திகரம்" என்ற வகையின் கடைசி விளிம்பு. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டிச் சிவப்பாகிவிடும். பல ஆப்கள் அமெரிக்கக் கணக்கையே போடுகின்றன, அதைச் சொல்வதும் இல்லை. குறியீட்டு எண்ணை மனுவில் எழுதவே எழுதாதீர்கள். மைக்ரோகிராமை எழுதுங்கள். இந்திய அளவுகோல் 24 மணி நேரச் சராசரிக்கு பி.எம்.2.5-க்கு 60, பி.எம்.10-க்கு 100, ஆண்டுச் சராசரிக்கு முறையே 40, 60. உலக சுகாதார அமைப்பு 2021-இல் பி.எம்.2.5-க்குப் பரிந்துரைத்தது 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. ஒரு மணி நேர உச்சத்தை 24 மணி நேர வரம்போடு ஒப்பிடாதீர்கள்.

ஜாடியில் நம்ப முடியாத அளவுக்கு எடை

ஒரு மாதம் 200, அடுத்த மாதம் 2,000 என்று வந்தால் சந்தோஷப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஜாடிக்குள் எட்டிப் பாருங்கள். காக்கை எச்சம்தான் முதல் குற்றவாளி. புனலை விட அகலமான கம்பி வளையம் ஒன்றைப் புனல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே பொருத்தினால் பறவை அதில் உட்காரும், எச்சம் வெளியே விழும். எச்சம் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மாத மாதிரியைத் தள்ளிவிடுங்கள், சுரண்டி எடுத்து மீதியை எடை போடுவது சரிவராது. இலை, பூச்சி இவற்றை ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து எடுத்து, ஒட்டியிருக்கும் தூசியை அந்தத் தண்ணீரிலேயே அலசிவிட வேண்டும்.

தண்ணீர் பச்சையாக இருந்தால் பாசி, அதுவும் எடை கூட்டும். தொடக்கத்திலேயே கேனில் கொஞ்சம் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் விட்டால் பாசி பிடிக்காது, கேனுக்குக் கறுப்புத் துணி சுற்றினால் இன்னும் நல்லது. மயில்துத்தம் கரைந்துவிடும் என்பதால் கரையாத தூசியின் எடையில் சேராது, ஆனால் அதே மாதிரியில் செம்பு அளக்கப் போகிறீர்கள் என்றால் போடவே கூடாது. அளந்து முடித்த தண்ணீரை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

வடிகட்டாமல் கேனிலிருந்ததை அப்படியே சுண்டவைத்து எடை பார்த்தால் வெள்ளைப் படிகமாக ஏதோ மிஞ்சும். கடல் உப்பு. கரையோரத்தில் இது தூசியின் எடையைக்கூடத் தாண்டிவிடும், இதைச் சேர்த்துச் சொன்னால் மொத்த அளவீடும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கரையாதது எவ்வளவு, கரைந்தது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், உங்கள் வாதம் கரையாததில் நிற்கட்டும்.

இன்னொன்று, கீழ்வீட்டில் கூட்டுகிறார்களா, பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கிறதா, மணல் கொட்டியிருக்கிறார்களா என்று நாட்குறிப்பு வையுங்கள். போகி காலை, தீபாவளி இரவு இவற்றையும் குறித்துவிடுங்கள்.

மழை மாதத்தில் எண் சரிந்துவிட்டது

ஓரளவு நிஜம்தான், மழையில் கரிக் குவியலும் சாலையும் நனைந்து தூசி அடங்கும். ஆனால் கேன் நிரம்பி வழிந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை, மெல்லிய துகள்கள் தண்ணீரோடு போயிருக்கும். 15 செ.மீ. புனலில் 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7 லிட்டர் சேரும். வட சென்னையில் நவம்பர் மாதம் அந்த அளவைத் தொடுவது புதிதல்ல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல இடங்களில் இரண்டே நாளில் அவ்வளவு கொட்டியது. ஐந்து லிட்டர் கேனை வைத்துவிட்டு நம்பி இருக்க முடியாது, அதனால்தான் பத்து. புயல் எச்சரிக்கை வந்தால் கேனை மாற்றிவிடுங்கள், இரண்டு கேனையும் ஒரே மாத மாதிரியாகச் சேர்த்து வடியுங்கள்.

நேர்மாறாக, கோடையில் கேன் முற்றிலும் காய்ந்துபோனால் உள்ளே விழுந்த தூசியைக் காற்று மறுபடி தூக்கிக்கொண்டு போகும். அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும். கொசு வராமல் இருக்கப் புனலின் கழுத்து ஒடுக்கமாக இருப்பது உதவும்.

எடை மைனஸில் வருகிறது

வடிதாள் ஈரத்தை இழுக்கும். முதல் எடையை ஈரமான நாளில் எடுத்து, கடைசி எடையை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு எடுத்தால் தூசி படிந்த தாள் வெறும் தாளைவிட இலேசாகத் தெரியும். இரண்டு முறையும் ஒரே மாதிரி உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் ஆறவைத்து, அதே தராசில் எடை போடுங்கள். கூடவே எதுவும் வடிகட்டாத ஒரு வெற்றுத் தாளை எல்லாக் கட்டங்களிலும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அதன் எடை எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்குள் வரும் வித்தியாசத்தைத் தூசி என்று சொல்ல முடியாது.

தூசி ஜாடிக்கு ஒரு மில்லிகிராம் காட்டும் தராசே போதும், பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கிடைத்துவிடும். பம்ப் வைத்து வடிதாளில் பி.எம்.2.5 பிடிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் 24 மணி நேரத்தில் 24 கனமீட்டர் காற்றுதான் போகும். காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தாலும் தாளில் சேர்வது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. அதற்கு மைக்ரோ தராசு இல்லாமல் இறங்காதீர்கள். பம்பின் காற்றோட்டத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள், இடையில் கரண்ட் போன நேரத்தையும்.

கறுப்பாக இருக்கிறது, ஆனால் கரிதானா?

"அது லாரிப் புகை, டயர் தூள், பூஞ்சை" என்று பதில் வரும். வரும் முன்பே நாம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் அது உண்மையாகவே லாரியாக இருக்கும்.

சுவரிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தொட்டு வையுங்கள். பூஞ்சை வெளுத்துவிடும், கரி வெளுக்காது. அடுத்து நுண்ணோக்கி, கல்லூரியில் இருக்கும் 400 மடங்கு கருவி போதும். அனல்மின் நிலையச் சாம்பல் பார்த்தவுடன் தெரியும், உருகி உறைந்த கண்ணாடி உருண்டைகள், கோள வடிவம். கரித்தூள் கூரிய முனைகளோடு உடைந்த கறுப்புத் துண்டு, சில பக்கங்கள் பளபளக்கும். டயர் தூள் உருட்டிய திரி மாதிரி நீளமாக, மேலே மண் துகள் ஒட்டியிருக்கும். மணல் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் துண்டுகள்.

காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் சாம்பல் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சாம்பலில் இரும்பு உருண்டைகள் இருப்பது உண்மைதான், ஆனால் நம் கடற்கரையின் கறுப்பு மணலும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டியதை நுண்ணோக்கியில் பாருங்கள், உருண்டையா மணல் மணியா என்று.

அளவாகச் சொல்ல வேண்டும் என்றால், எரித்துப் பார்ப்பதே நல்லது. வாட்மன் 42 மாதிரி எரிந்தால் எதுவும் மிஞ்சாத வடிதாளில் வடித்து, உலர்ந்த எடை எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் ஆய்வக உலையில் எரித்து மறுபடி எடை பாருங்கள். எரிந்துபோன பங்கு அதிகம் என்றால் கரியின் பங்கு அதிகம், கிட்டத்தட்ட எதுவும் எரியவில்லை என்றால் சாம்பல் அல்லது மண். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்தியக் கரியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பது வழக்கம், இறக்குமதிக் கரியில் அது குறைவு. அதனால் சுத்தமான கரித்தூளும் முழுதாக எரியாது. இலைத்தூளும் எரியும். எரிப்பு எண்ணை நுண்ணோக்கிப் படத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

அரசு நிலையம் நல்ல எண் காட்டுகிறது, எந்தத் திசைக் காற்றிலும் நம் எண் ஒன்றாகவே இருக்கிறது

முதல் பாதிக்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. மணலி, வட சென்னை அனல்மின் நிலையத்துக்குத் தென்மேற்கே 10 கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவக் காற்றில் மணலி காற்றின் மேல்பக்கம், அதாவது காற்று வரும் பக்கம், மின் நிலையத்துக் காற்று அங்கே போகவே போகாது, மாறாக மணலி ஆலைகளின் காற்றுதான் இந்தப் பக்கம் வரும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து அடிக்கும்போதுதான் மின் நிலையப் பக்கத்துக் காற்று மணலியை நோக்கிப் போகும். ஆகவே ஜூலையில் மணலி நிலையத்தைக் காட்டி "அத்திப்பட்டில் காற்று சுத்தம்" என்று யாராவது சொன்னால், காற்றின் திசையை எழுதிக் காட்டுங்கள், வேறு வாதமே வேண்டாம். அதே நியாயம் நமக்கும் உண்டு. அன்றைய காற்றுத் திசை இல்லாமல் நாம் தரும் எண்ணும் யாரையும் சுட்டாது.

ஒரே நாளில் திசை மாறும் ஊர் இது. கோடையில் காலை மேற்கிலிருந்து, மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து. துறைமுகம், குவியல் பக்கத்துத் தூசி உள்நாட்டு ஊர்களுக்கு வருவது அந்தப் பிற்பகலில்தான். மீனம்பாக்கத்து வானிலைப் பதிவில் கடற்காற்று நுழையும் நேரம் உங்கள் ஊர் நேரமாக இருக்காது. சின்ன காற்றுத்திசை காட்டி ஒன்றை மாடியிலேயே வையுங்கள். வாங்க முடியவில்லை என்றால் கம்பில் நாடாவைக் கட்டி, ஒரு நாளைக்குச் சில நேரங்களில் பார்த்து எழுதுங்கள்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்றால் தூசி பக்கத்திலேயே பிறக்கிறது, பெரும்பாலும் உங்கள் வாசல் சாலை. சோதிக்க, கம்பத்தின் நான்கு பக்கமும் வாஸ்லைன் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவிய கண்ணாடிச் சில்லுகளைச் செங்குத்தாகக் கட்டி ஓரிரு நாள் விடுங்கள், எந்தப் பக்கச் சில்லில் கரித்துண்டு அதிகம் என்று நுண்ணோக்கியில் எண்ணுங்கள். கூடவே ஒரு ஜாடியைத் தொலைவில் வைக்க வேண்டும். பழவேற்காடு பக்கம் நல்ல இடம், அதே கடல், அதே உப்பு, வாடைக் காலத்தில் காற்றின் மேல்பக்கம். அங்கே 60, உங்கள் ஊரில் 300 என்று வந்தால் அந்த இடைவெளிதான் உங்கள் செய்தி.

நடு இரவில் மட்டும் ஒரு கூர்முனை

"ராத்திரியில் சாம்பலைத் திறந்துவிடுகிறார்கள்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நடந்திருக்கலாம், இரவுத் தேக்கமாகவும் இருக்கலாம். தொலைவில் இருக்கும் சென்சாரும் சேர்ந்து ஏறியிருந்தால் தேக்கம். உங்களுடையது மட்டும், மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது, சட்டென ஏறிச் சட்டென இறங்கியிருந்தால் அது பதிவு செய்ய வேண்டிய சம்பவம். நேரம் தெரியும்படி சிம்னியைப் படம் எடுங்கள். பெரிய அனல்மின் நிலையங்களில் சிம்னி வெளியேற்றத்தை நிறுத்தாமல் அளக்கும் கருவி இருக்கும், அதன் பதிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். அந்தத் தேதி, அந்த மணியின் பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுவாக "ஒரு வருடப் பதிவு" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள், மணி குறித்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

எண்ணெல்லாம் சரி, ஆனாலும் "அங்கீகாரம் இல்லாத அளவீடு" என்கிறார்கள்

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் அளந்திருக்க வேண்டும் என்பது சட்ட நடவடிக்கைக்குப் பொருந்தும், வந்து அளந்து பாருங்கள் என்று கேட்பதற்குப் பொருந்தாது. உங்கள் எண் செய்ய வேண்டிய வேலை இரண்டாவதுதான். அதற்கு அது கேள்விக்குத் தாங்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஜாடிக்குப் பக்கத்தில் இன்னொன்று வையுங்கள், இரண்டின் வித்தியாசமும் அறிக்கையில் வரட்டும். வாய் மூடிய வெற்றுக் கேன் ஒன்றும் அதே 30 நாள் அங்கேயே இருக்கட்டும். வைக்கும்போதும் எடுக்கும்போதும் தேதி தெரியப் படம், ஊரார் ஒருவர் கையெழுத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற குறிப்பு. தள்ளிவிட்ட மாதிரிகளையும் ஏன் தள்ளினோம் என்ற காரணத்தோடு பட்டியலில் விட்டுவையுங்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும். வடித்த தூசி முழுவதையும் எரித்துத் தீர்த்துவிடாமல், இரட்டை ஜாடிகளில் ஒன்றின் வடிதாளை மட்டும் உலைக்கு அனுப்பி, மற்றதன் தாளை உலர்ந்த சின்னப் புட்டியில் ஊர், தேதி எழுதி மூடி வையுங்கள். வாரியமே நாளைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் எடுத்துக் கொடுக்க அதுதான் இருக்கும்.